சைக்கிள் செயினும் சிக்கனமும்



ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் பணிபுரிவோர் அளவின் அருமையை நன்கு அறிந்தவர்கள். கைக்கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் உருவாகும் அவ்வூரில், மயிரிழை மிகுந்த உறுப்பும் பழுதென ஒதுக்கப்படும். ஆயின், வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பழகிய அதே கைகள், வீட்டு வாயிலில் நிற்கும் சைக்கிளின் செயினை ஒருமுறையேனும் அளந்ததுண்டா? செயின் அறுந்தால் மாற்றுவோம், அதுவரை ஓட்டுவோம் என்பதே நம்மில் பலரது வழக்கம். இவ்வழக்கம் பணத்திற்கும் கேடு, உடலுக்கும் கேடு என்பதையே இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

இன்று நாம் காணும் உருளைச் செயினை 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் அமைத்துக் காட்டியவர் ஹான்ஸ் ரெனால்ட் என்னும் பொறியாளர். பிறப்பால் அவர் சுவிட்சர்லாந்து நாட்டவர். தகடு, ஊசி, உருளை ஆகியவை இணைந்த கண்ணிகளால் ஆனது அச்செயின். சைக்கிள் செயினில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் சாதாரண சைக்கிளாயினும், 12 பல்சக்கரங்கள் கொண்ட விலையுயர்ந்த கியர் சைக்கிளாயினும் இவ்வளவு ஒன்றே.

"செயின் நீண்டுவிட்டது" என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஊசியும் அது சுழலும் துளையும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. ஒவ்வோர் ஊசியிலும் ஏற்படும் தேய்வு ஒரு மயிரிழையளவே. ஆயின் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளின் தேய்வு ஒன்றுசேரும்போது செயின் தொய்ந்துவிடுகிறது. உடனே பின்சக்கரத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து முடுக்கி, சரியாயிற்று என்று மன நிறைவு கொள்கிறோம். தொய்வு மறைந்ததேயன்றித் தேய்வு மறையவில்லை. இடைவெளி மிகுந்த கண்ணிகள், அரை அங்குலத்திற்கென வெட்டப்பட்ட பற்களின்மேல் சரிவர அமராமல், அவற்றையும் தம் போக்கிற்கேற்பத் தேய்க்கத் தொடங்குகின்றன. அதன்பின் புதுச் செயின் வாங்கி மாட்டினாலும், தேய்ந்த பற்களில் அது நில்லாது வழுக்கும். செயினோடு போக வேண்டிய செலவு ஃப்ரீவீலையும் முன்சக்கரத்தையும் சேர்த்து மாற்றும் செலவாக வளர்ந்துவிடுகிறது.

நம் மாவட்டத்தில் இத்தேய்வு விரைந்து நிகழக் காரணமும் உண்டு. கருங்கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் ஆலைகளும் மிகுந்த பகுதி இது. லாரிகள் கிளப்பும் கல்தூள், எண்ணெய் வழியும் செயினில் படிந்தால், அவ்வெண்ணெயே சாணை பிடிக்கும் பசையாகிவிடும். எண்ணெய் உராய்வைக் குறைக்க வேண்டியது ஊசிக்கும் உருளைக்கும் இடையே. வெளித்தகட்டில் அதற்கு வேலை இல்லை. ஆகவே செயினை முதலில் துணியால் துடைத்து, உருளைக்கு ஒரு துளி வீதம் எண்ணெய் இட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி, மிகுந்ததை மீண்டும் துடைத்துவிடுதல் வேண்டும். வண்டிகளிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஒருபோதும் ஊற்றலாகாது; அதில் இரும்புத்துகள் கலந்திருக்கும்.

இனி, அளக்கும் முறை. ஓரடி நீளமுள்ள இரும்பு அளவுகோல் ஒன்றே போதும். தையற்காரரின் துணி நாடா இழுபடுமாதலால் அது உதவாது. செயின் இறுகியிருக்கும் பகுதியில், ஓர் ஊசியின் நடுவில் அளவுகோலின் முனையை வைத்து, அதனை விடுத்து அடுத்துவரும் 24ஆவது ஊசியைப் பாருங்கள். புதுச் செயினாயின் அவ்வூசியின் நடு, மிகச் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு, தள்ளி நின்றால் கியர் சைக்கிளில் செயினை உடனே மாற்றிவிடுக. கியர் இல்லாத சைக்கிள் இன்னும் சற்றுப் பொறுக்கும். எனினும் அரைக்கால் அங்குலம் தள்ளிவிட்டால் அதிலும் தாமதித்தல் தகாது. அந்நிலையில் பற்களும் தேய்ந்திருக்கக்கூடும்.

மாற்றும்போது எச்செயினை வாங்குவது என்பதும் சிந்திக்கற்பாலது. தமிழக அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவுபடுத்திய திட்டத்தால், நம் இல்லங்கள் பலவற்றிலும் விலையில்லாச் சைக்கிள் உண்டு. இத்தகைய கியர் இல்லாத சைக்கிள்களுக்கு அரைக்கால் அங்குல உள்ளகலம் கொண்ட செயின் பொருந்தும். ஆனால் பெங்களூரிலிருந்து பழைய கியர் சைக்கிளை வாங்கிவந்து, அதற்கும் அதே செயினை மாட்டச் சொல்வோர் உளர். அது பொருந்தாது. கியர் சைக்கிளில் பல்சக்கரங்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், செயின் மெல்லியதாயிருத்தல் வேண்டும். சக்கரங்கள் கூடக்கூடச் செயினின் வெளியகலம் குறையும். பின்புறம் 6, 7 அல்லது 8 சக்கரங்கள் இருந்தால் அவ்வகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். இம்மூன்றிற்கும் பொதுவாக ஒரே செயின் போதும். ஒன்பதிற்கு ஆறரை, பத்திற்கு ஆறு, பதினொன்றிற்கு ஐந்தரை மில்லிமீட்டர் அளவில் அது குறைந்து செல்லும்.

இங்கு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. "21 கியர் சைக்கிள்" என்றால் பின்புறம் 21 சக்கரங்கள் இருப்பதாகப் பொருளன்று. முன்னே 3, பின்னே 7; இரண்டையும் பெருக்கி வந்த எண் அது. கடையில் கூற வேண்டியது பின்சக்கரங்களின் எண்ணிக்கையாகிய 7 மட்டுமே. வாங்கும் முன் அவற்றை விரலால் தொட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நுணுக்கமும் சைக்கிளுக்கு எதற்கு என்று பெரியோர் சிலர் வினவலாம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம். சூளகிரிப் பக்கத்துச் சாலைகளிலும் தேன்கனிக்கோட்டைச் சாலையிலும் ஏற்றங்கள் பல. ஏற்றத்தில் சிறுவன் இருக்கையைவிட்டு எழுந்து, தன் உடற்பாரம் முழுவதையும் ஒரு பெடலில் வைத்து மிதிக்கிறான். அக்கணத்தில் செயின் பல்லைத் தாண்டி வழுக்கினால் கால் வெறுமையில் இறங்கும்; அவன் கைப்பிடியின்மேல் சாய்ந்து விழுவான். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில், பின்னே கண்டெய்னர் லாரி வரும் வேளையில், அவ்வீழ்ச்சி எத்தகையதாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அதிகாலை ஷிப்டிற்கு இருளில் செல்லும் தொழிலாளிக்கும் இதே ஆபத்து உண்டு.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, மாதம் ஒருமுறை ஒரு விடுமுறை நாளில், வீட்டிலுள்ள சைக்கிள்கள் அனைத்தையும் முற்றத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். அளவுகோலை உங்கள் மகனிடமோ மகளிடமோ கொடுத்து, ஊசிகளை அவர்களே எண்ணட்டும். அளவைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், செயின் எப்போது தேயும் என்பதை நீங்களே முன்கூட்டி அறிவீர்கள். தொழிற்சாலையில் யாரோ முன்பின் அறியாதவர் வாங்கப்போகும் பொருளுக்கு நாம் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையேனும், நம் பிள்ளைகள் ஏறிச் செல்லும் வண்டிக்கும் காட்டுவோமாக.