என்ன ஊசி போட்டார்கள்?

கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர்களுக்கு மலையாளம் அந்நியமல்ல. பேரம் பேசுகிறோம், பஸ்ஸில் சண்டையும் போடுகிறோம். ஆனால் பெற்ற பிள்ளை நள்ளிரவில் நிலைதடுமாறிக் கத்தி, கையில் கிடைத்ததை உடைத்து, அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி காஷுவாலிட்டிக்குக் கொண்டுபோக நேரும்போது, அந்த மலையாளம் கைகொடுப்பதில்லை.

ஒரு சொல்லை மட்டும் பார்ப்போம். பையன் 'மயக்குமருந்நு' உபயோகித்தானா என்று டாக்டர் கேட்கிறார். மலையாளத்தில் அது போதைப்பொருள். தமிழ்த் தாய்க்கோ மயக்க மருந்து என்றால் ஆபரேஷனுக்குக் கொடுப்பது. "அதெல்லாம் ஒன்றும் கொடுக்கவில்லை, டாக்டர்" என்று அவள் பதில் சொல்லிவிடக்கூடும். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. மது அருந்தியவனுக்கு லோராஸிபாம் ஊசி போட்டால் மூச்சே தளர்ந்துவிடலாம். பிள்ளையின் பிதற்றலுக்குக் காரணம் மூளைக் காய்ச்சலாகவோ, சர்க்கரை குறைந்ததாகவோ இருந்தால், உறங்க வைத்ததே உண்மையை மறைத்துவிடும்.

ஊசியே கூடாது என்று நாம் வாதாடவில்லை. விபத்தும் நெஞ்சுவலியுமாக நோயாளிகள் வந்துகொண்டேயிருக்கும் ராத்திரியில் டியூட்டி டாக்டர் படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இவ்வகை ஊசிகளை 200 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். லோராஸிபாமும் சரி, ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் சேர்ந்த ஊசியும் சரி, நாலு மணி நேரத்துக்குள் அநேகமாக எல்லோரையும் அமைதிப்படுத்தின. இரண்டாவது விரைவாக உறங்க வைத்தது. ஆனால் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கென்று இத்தகைய ஆதாரம் உலகிலேயே குறைவு.

அதைவிட முக்கியமானது, மறுநாள் வீட்டில் நடப்பது. ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட்டால், முக்கியமாக இளவயது ஆண் பிள்ளைகளுக்கு, ஓரிரு நாளில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளும். கண் மேலே செருகும். நாக்கு தடித்துப் பேச்சு குழறும். மருந்தின் பெயர் தெரிந்த டாக்டர் ஒரு மாற்று ஊசியால் சிறிது நேரத்தில் சரிசெய்துவிடுவார். பெயர் தெரியாத தாய் என்ன செய்வாள்? நோய் முற்றிவிட்டது என்று அழுவாள். அல்லது மந்திரவாதியைத் தேடுவாள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஆபத்தான நிலையில் பதிவுபெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். பாதுகாவலர் உடனிருந்தால் அவர் சம்மதம் வேண்டும். என்ன சிகிச்சை, அதன் பக்கவிளைவு என்ன என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. புரியும் மொழி என்பது இங்கே நமக்குத் தமிழ்தானே?

நம்மவர் மேலும் குற்றம் உண்டு. விடியற்காலையில் உறங்கும் பிள்ளையைத் தூக்கிவந்து படுக்க வைத்தால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். மனநோய் டாக்டரிடம் போகச் சொன்னால், "ஊளம்பாறைக்கா?" என்று முகம் சுளிக்கிறோம். 1870-ல் தொடங்கிய ஆஸ்பத்திரியின் பெயரை வசைச்சொல்லாக ஆக்கியது யார்? ஊசி அன்றிரவைக் கடத்துமே தவிர, நோயைத் தீர்ப்பதில்லை.

தமிழர் மிகுந்த இந்நகரிலும், நெய்யாற்றின்கரை, பாறசாலை போன்ற எல்லைப்புறத்திலும் உள்ள அரசு ஆஸ்பத்திரிகளின் காஷுவாலிட்டியில் தமிழில் அச்சடித்த ஒரு தாள் இருக்கட்டும்: என்ன ஊசி, எத்தனை மணிக்கு, எதைக் கவனிக்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும். அதற்குப் பெரும் செலவாகாது. தாள் வரும்வரை, சீட்டில் ஊசியின் பெயரை எழுதித் தரும்படி பெற்றோர் வாய்விட்டுக் கேட்கட்டும். மத்திய அரசின் 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். 2022 அக்டோபரிலிருந்து இது நடந்துவருகிறது.