புது ஆர்க்கிட் கிடைத்தாலும் இடத்தை மட்டும் சொல்றதில்லை... விஞ்ஞானிகள் மறைப்பது ஏன்?

புதிய செடியைக் கண்டுபிடித்தால் அது எந்த மலையில், எந்தப் பாறையில் வளர்கிறது என்று எழுதுவதுதான் தாவரவியல் வழக்கம். ஆர்க்கிட் என்றால் மட்டும் கதையே வேற. பல ஆய்வுக் கட்டுரைகளில் இப்போது அந்த இடத்தை வேண்டுமென்றே மறைக்கிறார்கள். காரணம், கட்டுரையைக் காத்திருந்து படிப்பவர்களில் செடி திருடுபவர்களும் உண்டு.

பெருவில் நடந்தது என்ன?

2002-ல் தென் அமெரிக்க நாடான பெருவில், சாலையோரக் கடையில் விற்ற ஒரு ஆர்க்கிட்டை அமெரிக்கர் ஒருவர் வாங்கி புளோரிடாவுக்குக் கொண்டுபோனார். உள்ளங்கையைவிடப் பெரிய, அடர் இளஞ்சிவப்புப் பூ. அங்குள்ள மேரி செல்பி தாவரவியல் பூங்கா சில நாட்களிலேயே 'ஃபிராக்மிபீடியம் கோவச்சி' என்று பெயர் சூட்டி அறிவித்தது. அனுமதியில்லாமல் வந்த செடி என்பதால் வழக்கு பாய்ந்தது. பூங்கா குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,000 டாலர் அபராதம் கட்டியது. அதற்குள் பெருவில் முதலில் தெரியவந்த இடத்தில் இருந்த செடிகளைக் கூண்டோடு பிடுங்கிவிட்டார்கள். பிறகுதான், சில செடிகளை மட்டும் எடுத்து நர்சரியில் பெருக்க அந்நாட்டு அரசு அனுமதித்தது.

1999-ல் பெயர் சூட்டப்பட்ட வியட்நாம் ஆர்க்கிட் ஒன்றுக்கும் இதே கதி. இன்று காட்டில் அது மிச்சமிருக்கிறதா என்பதே சந்தேகம்.

பிடுங்கினால் மறுபடி முளைக்காதா?

சுலபமில்லை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. உள்ளே உணவுச் சேமிப்பே கிடையாது. மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்கும் பூஞ்சை ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும். இதை 1899-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸின் நோயல் பெர்னார்ட். பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். பூக்கடை ஆர்க்கிட்டுகள் மலிவாகக் கிடைக்க அதுவும் ஒரு காரணம். ஆனால் அபூர்வ இனத்தைத் தேடும் சேகரிப்பாளருக்கு ஆய்வகச் செடி வரும்வரை பொறுமை இருப்பதில்லை.

மறைத்தால் போதுமா?

இடம் தெரியாவிட்டால் மற்ற ஆய்வாளர்கள் போய்ச் சரிபார்க்கவும் முடியாது. ஆக, இதில் நஷ்டமும் உண்டு.

பிரிட்டனில் 'லேடீஸ் ஸ்லிப்பர்' ஆர்க்கிட் அழிந்தே போச்சு என்று நினைத்திருந்தபோது, 1930-ல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி கிடைத்தது. பல ஆண்டுகள் ரகசியமாகக் காவல் காத்தார்கள். பின்னர் கியூ தாவரவியல் பூங்கா விதையிலிருந்து கன்றுகளை வளர்த்துக் கொடுத்தது. லங்காஷயரின் கெய்ட் பேரோஸ் சரணாலயத்தில் நடப்பட்ட செடிகளைப் பொதுமக்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். அந்தப் பழைய செடி இருக்கும் இடம் மட்டும் இன்னும் ரகசியம்தான்.