பெட்டியில் அச்சிட்ட எண்ணும் கணினியின் நினைவகமும்

2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்று வந்த தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெருகிய தேவையே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உலகின் டிராம் சில்லுகளில் பெரும்பங்கைத் தருபவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே. அம்மூன்றின் கவனமும் தரவு மையங்களின் பக்கம் திரும்பியதன் விளைவை, திருவனந்தபுரத்தில் கேமிங் கணினி ஒன்றைக் கட்ட நினைக்கும் மாணவர் கடையின் விலைப்பட்டியலில் காண்கிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அதுவும் பலருக்கு வாய்ப்பதில்லை. இந்நிலையில் தவறான நினைவகத்தை வாங்குவது சிறிய இழப்பன்று.

கேமிங் கணினி என்றவுடன் கல்விப்புலத்தில் முகம் சுளிப்போர் உண்டு. ஆனால், விளையாட்டுக்காகக் கட்டப்படும் கணினியும் மொழித்தரவு ஆய்வுக்கு வேண்டிய கணினியும் ஏறத்தாழ ஒரே பாகங்களால் ஆனவை. இரண்டிலும் நினைவகத் தேர்வு பிழைபடுவதற்குப் பணப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. பெட்டியில் அச்சிட்ட சொற்களும் எண்களும் சரியாகப் படிக்கப்படாமையும் காரணம்.

முதலில் ‘மெகாஹெர்ட்ஸ்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். ‘டிடிஆர்5 6000’ என்பதை 6000 மெகாஹெர்ட்ஸ் என்று கடைக்காரரும் மாணவரும் ஒருசேரச் சொல்கின்றனர். அந்நினைவகத்தின் கடிகாரம் ஓடுவதோ 3000 மெகாஹெர்ட்ஸில். ஒவ்வொரு துடிப்பிலும் இருமுறை தரவு கடத்தப்படுவதால்தான் ‘டபுள் டேட்டா ரேட்’, சுருக்கமாக டிடிஆர், என்ற பெயரே வந்தது. 6000 என்பது ஒரு நொடியில் நிகழும் கடத்தல்களின் எண்ணிக்கை, மில்லியன் கணக்கில்.

இந்த வேறுபாடு இலக்கணப் பிடிவாதம் போலத் தோன்றலாம். ஆனால் தாமதத்தைக் கணக்கிட முயலும்போது இதன் பயன் விளங்கும். பெட்டியில் ‘சிஎல்’ என்று குறிக்கப்படும் எண், தரவு வெளிவரும் வரை கழியும் துடிப்புகளின் எண்ணிக்கை. டிடிஆர்4 3200, சிஎல்16 என்றால் 10 நானோநொடி. டிடிஆர்5 6000, சிஎல்30 என்றாலும் அதே 10 நானோநொடிதான். அதே 6000, சிஎல்40 ஆகிவிட்டால் 13 நானோநொடியைத் தாண்டும். பெரிய எண்ணை மட்டும் பார்ப்பவர், கூடுதல் பணம் கொடுத்துக் கூடுதல் தாமதத்தை வாங்கி வருவதும் நிகழக்கூடும்.

வேகத்தைவிட முன்னதாக முடிவு செய்ய வேண்டியது கொள்ளளவு. தேவையைவிட நினைவகம் குறைந்தால் கணினி எஸ்எஸ்டியை இரவல் நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது உயர்ந்த வேகமுடைய நினைவகமும் கைகொடுக்காது. விளையாட்டு மட்டுமே நோக்கம் எனில் 16 ஜிபி இன்றும் பெரும்பாலும் தாங்கும். பெருந்தரவைக் கையாளும் தமிழ் ஆய்வாளருக்கு அது போதாமல் போகலாம். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட். ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு புள்ளிகள், ஆக 6 பைட். வட்டில் 1 ஜிபி இருக்கும் உரைத்தொகுப்பைப் பைத்தானில் சொல் சொல்லாகப் பிரித்து வைத்தால், ஒவ்வொரு சொல்லோடும் சேரும் மேற்சுமையால் அது நினைவகத்தில் மும்மடங்குக்கும் மேலாகலாம். இத்தகையோர் ஒளிரும் விளக்குகளுக்கும் உச்ச வேகத்துக்கும் செலவிடும் பணத்தை 32 ஜிபிக்குத் திருப்புவதே அறிவுடைமை.

அடுத்தது எண்ணிக்கை. 16 ஜிபி ஸ்டிக் ஒன்றும் 8 ஜிபி ஸ்டிக் இரண்டும் கொள்ளளவில் சமம், செயலில் சமமல்ல. டிடிஆர்4 3200 இல் ஒற்றை ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி வரை கடத்தும். இரட்டைத் தடத்தில் அது 51.2 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க இயலாமல், செயலியோடு இணைந்த கிராபிக்ஸையே நம்பியிருக்கும் மாணவருக்கு இவ்வேறுபாடு திரையிலேயே தெரியும். அதற்காக நான்கு ஸ்டிக் செருகுவதும் தீர்வாகாது. ரைசன் 7000 வரிசைச் செயலிகளில் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 5200 வரை உள்ள அதிகாரபூர்வ வேகம், நான்கு செருகினால் 3600 ஆக இறங்குகிறது.

பெட்டியில் உள்ள வேகம் தானாக வருவதுமில்லை. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்காதவரை நினைவகம் அடிப்படை வேகத்திலேயே ஓடும். டிடிஆர்4 ஸ்டிக் டிடிஆர்5 மதர்போர்டில் பொருந்தாது என்பதையும் பணம் கொடுக்குமுன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விலை ஏறும் காலத்தில் இப்போதே 64 ஜிபி வாங்கிப் போட்டுவிடலாம் என்பாரும் உளர். பெரிய மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டுவோருக்கு அவ்வாதம் பொருந்தும். ஏனையோர் 32 ஜிபியை இரண்டு ஸ்டிக்குகளாக வாங்கிப் பயன்படுத்துவதே போதும். பயன்படாமல் கிடக்கும் நினைவகத்தால் எந்த ஆய்வேடும் விரைந்து முடிவதில்லை.

இது மாணவரின் பணப்பை மட்டும் சார்ந்த செய்தியன்று. ஒரு துறை தன் கொள்முதல் குறிப்பில் ‘16 ஜிபி ராம்’ என்று மட்டும் எழுதினால், விற்பவர் ஒற்றை ஸ்டிக் செருகித் தந்தாலும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகாது. ‘8 ஜிபி ஸ்டிக் இரண்டு, இரட்டைத் தடத்தில்’ என்று எழுத ஒரு வரி போதும். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையும், 1990 இல் தோன்றிய டெக்னோபார்க்கும் அருகருகே இருக்கின்றன. சொல்லின் பொருளை ஆராய்வோரும் கருவியைக் கையாள்வோரும் இவ்வளவு நெருங்கி வாழும் ஊரில், அந்த ஒரு வரியைச் சரியாக எழுதுவது அரிய செயலாக இருக்கலாகாது.