“அவள் ஏன் போனாள்?”

தோழா!

சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் விடியற்காலை மின்தொடர் வண்டிக்காகக் காத்துநிற்கும் பெண்களைப் பார்த்திருப்பாய். மறைமலைநகர்த் தொழிற்சாலைக்குச் செல்வோர் சிலர். தாம்பரம் தாண்டிக் கிண்டிவரை கல்வி தேடிச் செல்வோர் சிலர். அந்தக் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, 2024 டிசம்பர் 23 இரவு, மாணவி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள்.

கயவனைக் கடிய வேண்டிய நாக்குகள் அவளைக் கடிந்தன! இரவில் ஏன் வெளியே வந்தாள்? ஆண் நண்பனோடு என்ன பேச்சு? முதல் தகவல் அறிக்கையும் வெளியே கசிந்தது. அதன் வாசகமே பாதிக்கப்பட்டவள்மீது பழிசுமத்துகிறது என்று சென்னை உயர்நீதிமன்றம் கண்டித்தது. 25 இலட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2025 ஜூன் 2-இல், 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை குற்றவாளிக்குக் கிடைத்தது. அவள் அஞ்சிப் புகார் கொடாதிருந்தால் இது நடந்திருக்குமா? “ஏன் போனாள்” என்று நாம் கேட்கும்போதெல்லாம், அடுத்த பெண்ணின் வாயை அடைக்கிறோம்; அடுத்த கயவனுக்கு வழி திறக்கிறோம்.

1978-இல், மதுரா வழக்கில், உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்று காவலர் இருவரை விடுவித்தது உச்சநீதிமன்றம். நாடு கொதித்தது, 1983-இல் சட்டம் திருந்தியது. 2013-இல் மேலும் தெளிந்தது: உடலால் எதிர்க்காமை இசைவாகாது, ஐயத்துக்கிடமின்றி, தானே விரும்பித் தெரிவிப்பதே இசைவு. இன்றைய சட்டத்திலும் அதுவே நிற்கிறது.

சட்டம் பாடம் கற்றது, நாம் கற்றோமா? “மௌனம் சம்மதம்” என்று இன்னமும் பழமொழி பேசுகிறோம். அச்சத்தாலும் நா எழாமற் போகும் என்பதைப் படிப்பகத்தில், கிளைக் கூட்டத்தில், இளைஞனுக்குச் சொல். சிரித்துப் பேசியது இசைவன்று. நேற்றுத் தந்த இசைவு இன்றைக்குச் செல்லாது. “வேண்டாம்” என்றால் வேண்டாம்தான். பதினெட்டு நிரம்பாத பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகவே கொள்வதில்லை. மகளுக்கு எச்சரிக்கை சொல்லும் தந்தை, மகனுக்கு இதைச் சொல்ல ஏன் கூசுகிறார்?

கிண்டிக் கொடுமையின்போது, குற்றவாளி எந்தக் கட்சிக்காரன் என்றுதான் மேடைகள் மல்லுக்கு நின்றன. உன்னை ஒன்று கேட்கிறேன்: நாளை நம் கொடி பிடித்தவன்மீதே ஒரு பெண் புகார் சொன்னால், அவளைத் தூற்றாமல், அவனைக் காக்க ஓடாமல், வழக்கு நேர்வழி செல்லத் துணைநிற்பாயா? அந்தத் துணிவு இல்லையேல், பெண்ணுரிமை என்று நாம் எழுப்பும் முழக்கம் வெற்றொலியே!

தேநீர்க் கடையில் எவரேனும் “அவள் ஏன் போனாள்” என்று தொடங்கினால், எழுந்து நின்று கேள்: “அவன் ஏன் செய்தான்?”