ஒட்டுண்ணி அட்டையில் தேதி கேளுங்கள்

கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கட்டச் சொன்னால், "கட்டிப் பார்த்தாச்சு, பலன் இல்லை" என்று சலித்துக்கொள்ளும் விவசாயிகள் திருத்தணி, திருவாலங்காடு பக்கமும் உண்டு. குறை பெரும்பாலும் குளவியிடம் இல்லை. அதன் வாழ்நாள் கணக்கை நாம் கவனிக்காததில்தான் இருக்கிறது.

இந்தக் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆளைக் கொட்டாது, பயிரைக் கடிக்காது. இடைக்கணுப் புழுவின் தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டையைத் தேடிப் பிடித்து, அதற்குள் தன் முட்டையை இடும். உள்ளே பொரிக்கும் குளவிப்புழு அந்த முட்டையையே தின்று வளரும். மூன்று, நான்கு நாளில் முட்டை கறுத்துவிடும். 8 முதல் 10 நாளில் குளவி ஓட்டைத் துளைத்து வெளியே வரும். அதன்பின் அதற்குச் சில நாள்கள்தான் ஆயுள்.

முட்டையைத்தான் இது அழிக்கும். தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவை ஒன்றும் செய்யாது. துளையைப் பார்த்தபிறகு அட்டை தேடி ஓடினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். நடவு செய்த 4-ஆம் மாதம் தொடங்கி, 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 1 சி.சி. வீதம் 6 முறை கட்ட வேண்டும். ஒருமுறை கட்டிவிட்டு விட்டுவிடுவது, ஒரே தண்ணீரில் கரும்பை வளர்க்க நினைப்பது போலத்தான்.

அட்டையைத் துண்டுகளாக வெட்டி, காலையிலோ மாலையிலோ இலையின் அடிப்பக்கம் பொருத்துங்கள். திருத்தணி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்து அலையாதீர்கள். அட்டை கட்டும் நாள்களில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். பக்கத்து வயல்காரரிடமும் சொல்லி வையுங்கள். 5, 7-ஆம் மாதங்களில் சோகை உரிப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

வேளாண் துறை அலுவலர்களுக்கும் ஆலைக் கள உதவியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டையைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. குளவி முட்டையிட்ட நாள், வெளிவரும் நாள் இரண்டையும் ஒவ்வொரு அட்டையிலும் தமிழில் எழுதிக் கொடுங்கள். தாமதமாக வந்துசேரும் அட்டையில் மிஞ்சுவது வெறும் ஓடுதான். அதைக் கட்டிய விவசாயி அடுத்தமுறை மருந்துக் கடைக்குத்தான் போவார்.

மருந்து பாட்டிலில் காலாவதி தேதி பார்த்து வாங்குகிறோம். உயிருள்ள அட்டைக்கும் தேதி கேட்டு வாங்குங்கள்.