இருநூறு ரூபாவும் முப்பது லீற்றர் தண்ணீரும்

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயரும் என்று 2025 நவம்பர் 7ஆம் திகதி வரவு செலவுத் திட்ட உரையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்தார். வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் தன் பங்காக 200 ரூபா வருகைக் கொடுப்பனவு தரும் என்றும் சொன்னார். அதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. அன்று மூண்ட வாக்குவாதம் இன்னும் அடங்கவில்லை. தனியார் கம்பனியின் சம்பளப் பட்டியலுக்கு மக்களின் வரிப்பணம் எதற்கு என்கிறது ஒரு பக்கம். 1,750 ரூபாவில் ஒரு குடும்பம் எப்படிச் சீவிக்கும் என்கிறது மறுபக்கம்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. முதலாவதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. இந்த நாட்டின் வரிப்பணம் இதைவிடப் பாழான வழிகளில் எவ்வளவோ போயிருக்கிறது. என் கோபம் வேறு. அந்த 5,000 மில்லியன் முழுவதும் பேர் விழுவதற்காக, அதாவது அன்றைய வருகை பதிவாவதற்காகக் கொடுக்கப்படுகிறது. பேர் விழுந்தவருக்கு என்ன தெரியும், என்ன கற்றுக்கொடுக்கப்பட்டது என்பதோடு அந்தப் பணத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லை. கொழுந்து பறிப்பவரைப் பற்றியாவது மேடைகளில் பேசுகிறார்கள். ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் இயந்திரத்தோடு இரவைக் கழிப்பவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று சப்ரகமுவவின் ஸ்டோர்களில் உற்பத்தியாவது தாழ்நிலத் தேயிலை. நாட்டின் மொத்தத் தேயிலையில் பாதிக்கும் மேல் தாழ்நிலத்தில்தான் விளைகிறது. மத்திய கிழக்கு நாடுகளின் கொள்வனவாளர்கள் இதை வாங்குவது பெரும்பாலும் தோற்றத்தைப் பார்த்து. கறுப்பாக, முறுக்காக, நாரும் காம்பும் இல்லாமல் இருந்தால் ஏலத்தில் ஒரு விலை. காம்பு தெரிந்தால் இன்னொரு விலை. முன்பு பெண்கள் வரிசையாக அமர்ந்து கையால் நார் பொறுக்கினார்கள். இன்று அந்த வேலையைக் கலர் சோர்ட்டர் செய்கிறது. சரிவில் விழும் தேயிலையைக் கமரா பார்க்கிறது. காம்பு தென்பட்ட கணத்தில் சின்னஞ்சிறு வால்வு ஒன்று திறந்து காற்றைப் பீச்சி அதை அப்பால் தள்ளுகிறது. ஒரு நொடிக்குள் பலமுறை திறந்து மூடும் அந்த வால்வுகளுக்கு உணவு, கொம்பிரசரிலிருந்து வரும் அமுக்கிய காற்று.

அந்தக் காற்று உலர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் சப்ரகமுவவின் வானிலை குறுக்கே நிற்கிறது. இரத்தினபுரியின் ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும். அங்குள்ள காற்றை அமுக்கினால் என்ன நடக்கும் என்பதை, தோட்ட நிருவாகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கன மீற்றர் காற்று 30 பாகை செல்சியஸில் அதிகபட்சம் 30 கிராம் நீராவியைச் சுமக்கும். ஈரப்பதன் 80 வீதமாக இருந்தால் அதில் 24 கிராம் இருக்கிறது. நிமிடத்துக்கு 3 கன மீற்றர் காற்றை இழுக்கும் ஒரு நடுத்தரக் கொம்பிரசர் மணிக்கு 180 கன மீற்றரை உள்ளே எடுக்கிறது. அதாவது 4,300 கிராமுக்கு மேல் நீராவி. அந்தக் காற்று மானியில் 7 பார் காட்டும்வரை அமுக்கப்பட்டால் அதன் பருமன் எட்டில் ஒரு பங்காகி 22.5 கன மீற்றரில் அடங்கும். மறுபடி 30 பாகைக்கு ஆறும்போது அந்த இடத்துக்குள் தங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 675 கிராம் மட்டுமே. மீதி முழுவதும், நனைந்த துணியைப் பிழிந்தாற்போல், தண்ணீராக விழுந்தாக வேண்டும். மணிக்கு மூன்றரை லீற்றருக்கு மேல். எட்டு மணிநேரத்தில் ஏறத்தாழ 30 லீற்றர்.

ஒரு ஷிப்டுக்கு 30 லீற்றர்! ஆளில்லாத இயந்திரம் ஒன்று ஒவ்வொரு நாளும் இரண்டு வாளி நிறையத் தண்ணீரைத் தயாரிக்கிறது. அது எங்கே போகிறது? கொம்பிரசரை அடுத்துள்ள குளிராக்கியிலிருந்து காற்று 40 பாகையில் வெளியேறினால் ஏறத்தாழ 25 லீற்றர் அங்கேயும் தாங்கியிலும் இறங்கிவிடும். வடிகால் வால்வு அடைபடாமல் இருந்தால் அது வெளியேறும். மிச்சம் நான்கைந்து லீற்றர் நீராவியாகவே குழாய்க்குள் பயணம் செய்து, குழாய் ஆற ஆற வழியில் தண்ணீராகிறது. அதைத்தான் காற்று உலர்த்தி பிடிக்க வேண்டும். அது பிடிக்காவிட்டால் கலர் சோர்ட்டரின் வால்வு பிடித்துக்கொள்ளும்.

இதே கணக்கை 20 பாகையும் 50 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு ஜெர்மன் தொழிற்சாலைக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஷிப்டுக்குப் பத்து லீற்றர்கூட வராது. நம் ஸ்டோரில் அதைப்போல் மூன்று மடங்கு. சர்வதேச நியமத்தில் கொம்பிரசரின் கொள்ளளவு கணிக்கப்படுவது 20 பாகையில், ஈரமே இல்லாத காற்றுக்கு. குளிர்முறை உலர்த்திகளின் கொள்ளளவை வழக்கமாகக் கணிப்பது 35 பாகையில் உள்ளே வரும் காற்றுக்கு. தகரக்கூரையின் கீழ், சூளை வெக்கைக்குப் பக்கத்தில், 45 பாகையில் காற்று உள்ளே போனால் அதே உலர்த்தி தன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஜெர்மனியில் இத்தகைய இயந்திரங்களைப் பராமரிக்கும் மெக்கட்ரோனிக்ஸ் பணியாளருக்கு மூன்றரை ஆண்டுப் பயிலுனர் பயிற்சி உண்டு. மூன்று மடங்கு தண்ணீரோடு போராடும் நம் ஆளுக்கு, இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் ஒரு பின்னேரம் பொத்தான்களைக் காட்டிவிட்டுப் போகிறார். இதற்குப் பெயர் பயிற்சியா?

தெரியாத கை என்ன செய்யும் என்பதை நான் பல ஸ்டோர்களில் பார்த்திருக்கிறேன். வால்வு ஈரத்தில் தடுமாறுகிறது. தேயிலைத் தூள் பசைபோல் ஒட்டுகிறது. காம்போடு நல்ல இலையும் சேர்ந்து ஒதுங்குகிறது. காற்று போதவில்லை என்று நினைத்து அமுக்கத்தைக் கூட்டுகிறார்கள். 7 பார் அளவில் ஒரு பார் கூட்டினால் மின்சாரம் 6 முதல் 7 வீதம் அதிகமாகச் செலவாகும். குழாயில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று இருந்தால் அந்த நடுத்தரக் கொம்பிரசர் தரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அதன் வழியே போய்விடும். அந்தச் சீறல் சத்தம் எல்லோர் காதிலும் விழுகிறது. அது பணம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தபோது அழுத அதே கம்பனிகள், தங்கள் ஓட்டைகளை எண்ணிப் பார்க்கவில்லை.

கற்றுக்கொடுக்க வேண்டியது பெரிய விஞ்ஞானமும் இல்லை. பனிபடுநிலை என்றால் என்ன, குளிர்முறை உலர்த்தியால் அமுக்கிய காற்றை ஏன் 3 பாகைப் பனிபடுநிலைக்குக் கீழ் உலர்த்த முடியாது, -40 பாகை வேண்டுமென்றால் ஏன் சிலிக்கா ஜெல்லோ அலுமினாவோ நிறைந்த இரட்டைக் கோபுரம் தேவை, அது ஏன் தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளக் காற்றில் ஏறத்தாழ 15 வீதத்தைத் தின்கிறது. காலையில் உலர்த்தியை முதலில் ஓடவிட்டு, அது குளிர்ந்த பிறகே காற்றைத் திறந்துவிட வேண்டும். தானியங்கி வடிகாலை நம்பாமல் சோதனைப் பொத்தானை நாளுக்கொருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். தேயிலைப் பஞ்சு அடைத்த கொண்டென்சரைத் துடைக்க வேண்டும். கிளைக்குழாயைப் பிரதான குழாயின் மேற்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அடியிலிருந்து எடுத்தால் தண்ணீர் முதலில் இயந்திரத்துக்குத்தான் போகும். பில்டரின் இருபுறமும் அமுக்க வேறுபாட்டைக் குறித்துவைக்க வேண்டும். உடம்பில் படிந்த தூளை ஊத அமுக்கிய காற்றைப் பிடிக்கவே கூடாது. அது தோலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று நாளில் சொல்லிக்கொடுத்து, மூன்று மாதம் கூட இருந்து பழக்கினால் முடிகிற காரியம்.

பிறகு ஏன் நடக்கவில்லை? ஸ்டோரில் இருப்பவரை அறிவுள்ள மனிதராக நிருவாகம் மதிக்காததால்தான். இயந்திரம் வாங்கப் பலகோடி கடன் எடுக்கும் கம்பனிக்கு, அதை இயக்குபவரின் மூளைக்கு ஆயிரம் ரூபா செலவழிக்க மனமில்லை. 1992இல் தோட்டங்களைக் கையேற்ற நாளிலிருந்து உற்பத்தித்திறன் என்ற ஒரே பல்லவியை இவர்கள் பாடிவருகிறார்கள். கொழுந்தின் கிலோக் கணக்கில் மட்டும் உற்பத்தித்திறனைத் தேடுகிறார்கள். அதில் பாதி கொம்பிரசர் அறையில் கசிந்துகொண்டிருக்கிறது.

பயிற்சி கொடுத்தால் ஆட்கள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ ஓடிவிடுவார்கள் என்று முதலாளிமார் சொல்வதுண்டு. பயிற்சி கொடுக்காமலே தோட்டத்து இளைஞர்கள் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? இயந்திரம் விற்றவரின் பராமரிப்பு ஒப்பந்தம் போதும் என்பவர்கள், கொழும்பிலிருந்து ஆள் வந்து சேரும்வரை கொழுந்து காத்திருக்காது என்பதை அறியாதவர்கள். தொழிற்சங்கங்களையும் விட்டுவிட முடியாது. 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா, இப்போது 1,550 ரூபா என்று இலக்கங்களுக்காகப் போராடினார்கள், போராட வேண்டியதுதான். ஆனால் ஒரு தொழிலாளியின் தேர்ச்சிக்கு விலை கேட்டு எந்தப் போராட்டம் முழு மூச்சோடு நடந்தது?

மொழியின் பெயரால் நடக்கும் அநியாயம் தனி. இரத்தினபுரி மாவட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் தமிழர். பெரும்பாலோர் தோட்டங்களைச் சார்ந்தவர்கள். இயந்திரத்தோடு வரும் கைநூல் ஆங்கிலத்தில். விளக்கம் சிங்களத்தில். தமிழ் வாசிக்கத் தெரிந்த கை, வாசிக்க எதுவுமின்றி வால்வைத் திருகுகிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் உள்ள தோட்டப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தமிழில் எட்டும் தூரத்தில் இருக்கிறது?

வழி இருக்கிறது, புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நிலக் கிளை இரத்தினபுரி சென் ஜோக்கிம் தோட்டத்திலேயே இருக்கிறது. தேசிய தொழில் தகைமை முறையில், வேலையில் பழகிய அறிவை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. இருபது வருடம் கொம்பிரசர் ஓட்டியவரைச் சோதித்து, குறையை நிரப்பி, மூன்றாம் நிலைத் தகைமை கொடுக்கலாம். பயிற்சியாளர் ஸ்டோருக்கு வர வேண்டும். தொழிலாளியை ஒருநாள் பேரை இழந்து தலவாக்கலைக்கும் அதுருகிரியவுக்கும் பயிற்சிக்காக அலையவிடக் கூடாது. கொழுந்து வாடும் நேரம் பார்த்து வகுப்பு நடக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் படங்களோடு கைநூல் வரட்டும். வருகைக் கொடுப்பனவுக்கு ஒதுக்கிய 5,000 மில்லியனில் நூற்றில் ஒரு பங்கு 50 மில்லியன் ரூபா. அந்த ஒரு பங்கை மேலதிகமாக ஒதுக்கினாலே சப்ரகமுவவின் ஸ்டோர்களை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். தகைமை பெற்றவருக்கு நாளொன்றுக்கு இன்னொரு 200 ரூபாவைக் கம்பனி கொடுக்கட்டும்; மிச்சமாகும் மின்சாரத்திலிருந்தே அது வரும்.

பயன் தேயிலையோடு நிற்காது. கேகாலை மாவட்டத்தின் பொகல காரீயச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் கருவிகளை இயக்குவதும் அமுக்கிய காற்றுதான். சுரங்கத்திலானாலும் ஸ்டோரிலானாலும் அந்தக் காற்றின் விதி ஒன்றே. காற்றுத் தாங்கியைத் தகுதியானவர் பரிசோதிக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கேட்கிறது. இரும்புக்கு இருக்கும் அந்தக் கவனிப்பு, அதன் அருகே நிற்கும் மனிதருக்கும் வேண்டும். உணவைத் தொடும் காற்றில் கொம்பிரசரின் எண்ணெய் இருப்பதையும் இனி உலகம் பொறுக்காது. கொழுப்புக் குறைந்த உலர் உணவில் நறுமண வகைக் கனிம எண்ணெய் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2022இலேயே இணங்கிவிட்டன.

எனவே என் முடிவு இது. இன்னும் பத்து ஆண்டுகளில் சப்ரகமுவவில் எந்த ஸ்டோர் இயங்கும், எது பூட்டப்படும் என்பதை ஏல விலையோ சம்பளச் சபையோ தீர்மானிக்கப் போவதில்லை. கொம்பிரசர் அறையில் நிற்பவருக்கு என்ன தெரியும் என்பதே தீர்மானிக்கும். பெருந்தோட்ட அமைச்சு அடுத்த வரவு செலவுத் திட்டம்வரை காத்திருக்கக் கூடாது. வருகைக்குக் காசு கொடுக்க முன்வந்த அரசாங்கம் தேர்ச்சிக்கும் காசு கொடுக்கட்டும். தேர்ச்சிக்குக் கொடுக்க மறுக்கும் கம்பனி, நட்டக் கணக்கைத் தூக்கிக்கொண்டு சம்பளச் சபையின் வாசலுக்கு வரும் உரிமையை இழக்கட்டும்.