கட்டிலுக்கு அடியில் இரண்டு கிலோ நூல்

செமஸ்டர் முடிந்து ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணும்போதுதான் அந்தப் பை கண்ணில் பட்டது. கட்டிலுக்கு அடியில், பழைய டிராஃப்டர் பக்கத்தில். திறந்தால் முழுக்க உல்லன் நூல். ஃபர்ஸ்ட் இயரில் குரோஷே ரீல்ஸ் பார்த்து வாங்கினது, செகண்ட் இயரில் ஆஃபர் வந்துச்சுன்னு வாங்கினது, கலர் நல்லா இருக்கேன்னு சும்மா வாங்கினது. கூடவே ஒரு கை மட்டும் முடிந்த ஸ்வெட்டர், பாதியில் நின்ற ஆமை ஒன்று. மெஸ் அண்ணனிடம் கெஞ்சி காய்கறித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ நூறு கிராம்!

எங்க வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இவ்ளோ நூலா? யார்கிட்ட கணக்குக் காட்டணும்?"

அம்மா கிண்டல் பண்ணவில்லை. தறி வீட்டில் நூல் என்றால் அப்படித்தான். பாவும் ஊடையும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கப்படும். புடவை முடித்துக் கொண்டுபோனால் அதையும் நிறுத்துப் பார்ப்பார்கள். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து, ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. எதுவும் நெய்கிறவருக்குச் சொந்தமில்லை. அவருக்குச் சொந்தம் அவர் கையும் நேரமும்தான். பிரகாஷ்ராஜ் நடித்த 'காஞ்சிவரம்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை நெய்ய, தறியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நூலை வாயில் ஒளித்து எடுத்து வருகிற நெசவாளியின் கதை அது. நூல் மிச்சம் என்ற ஒன்றே இல்லாத ஊரில், யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத இரண்டு கிலோ நூலோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த லீவில் புது நூல் ஒரு உருண்டைகூட வாங்காதீங்க. இருக்கிறதைப் பின்னி, நியூ இயருக்கும் பொங்கலுக்கும் பரிசாகக் கொடுங்க. காசு மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேற காரணம் இருக்கு.

முதலில் பைக்கு வருவோம். நம்ம நூல் பை ஒரு ஸ்டாக் மாதிரி. கடைசியாகப் போட்டதுதான் முதலில் வெளியே வரும், அடியில் இருப்பது அடியிலேயே கிடக்கும். அதை க்யூவாக மாற்றணும். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, பழசிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதி வையுங்க. என் கணக்குப்படி ஒரு குழந்தைக் குல்லாவுக்கு முப்பது கிராம் போதும். பெரியவங்களுக்குக் காது மூடுகிற குல்லா என்றால் எழுபது. அதற்கும் குறைவாக இருப்பதெல்லாம் கீ செயின், மொபைல் பவுச், டம்ளர் வைக்கும் மேட். எல்லா கலரிலும் பிட்டு பிட்டாக இருந்தால் பாட்டி காலத்து வாசல் தோரணம்தான் சரி. கலர் எவ்வளவு கலந்திருக்கோ அவ்வளவு அழகு. நிட்டிங்கில் கடைசி வரிசைக்கு நூல் பத்துமா என்று சந்தேகம் வந்தால், பின்னலின் அகலத்தைப் போல நான்கு மடங்கு நீளம் கையில் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் தைரியமாகப் போடலாம்.

"காஞ்சிபுரம் வெயிலுக்கு உல்லன் குல்லாவா?" என்று சிரிக்கிறவர்கள் மார்கழி விடியற்காலையில் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் வந்து பாருங்க. தாத்தாக்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பாங்க.

இன்னொன்று. நாம் வாங்குகிற விலை குறைந்த 'உல்லன்' பெரும்பாலும் ஆட்டு ரோமம் இல்லை, அக்ரிலிக். கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பெட்ரோலியத்தில் ஆரம்பிக்கிற பாலிமர் அது. குப்பையில் போட்டால் மக்காது. கட்டிலுக்கு அடியில் கிடந்தாலும் மக்காது. யாராவது தலையில் போட்டுக்கொண்டால்தான் அதற்கு ஒரு அர்த்தம்.

இப்போ அந்த வேற காரணம். எங்க டிபார்ட்மென்ட் சீக்ரெட் சான்டாவுக்கு ஒரு குரோஷே பை போட்டுக் கொடுத்தேன். ஆறு மணி நேர வேலை. பரிசு கிடைத்த பொண்ணுக்கு ரொம்ப சந்தோஷம். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி கேட்டாள்: "சூப்பர்டி! எனக்கும் ஒண்ணு போட்டுத் தரியா? நூறு ரூபா தரேன்." ஆறு மணி நேரத்துக்கு நூறு. நூல் விலையைக் கழிக்காமலே மணிக்குப் பதினேழு ரூபாய்கூட வரவில்லை. நான் முழிப்பதைப் பார்த்து அவளே சொன்னாள்: "ஃப்ரீ டைம்ல பண்றதுதானே?"

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த ஒரு வரி எவ்வளவு பேர் வயிற்றில் அடித்திருக்கிறது என்று பாருங்க.

ஆந்திராவில் நர்சாப்பூர் என்று ஒரு ஊர். குரோஷே லேஸுக்குப் பேர் போனது. அங்கே வீட்டில் உட்கார்ந்து லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் தினமும் மணிக்கணக்கில் வேலை செய்தார்கள், அவர்கள் பின்னிய லேஸ் வெளிநாட்டுக்குப் போனது. ஆனால் 'வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்று பேர் வைத்ததால் கூலி மட்டும் அடிமட்டத்திலேயே இருந்தது. புத்தகத்தின் சாரம் இதுதான்.

அதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்காதீங்க. நிட்டிங்குக்கு மெஷின் இருக்கிறது, திருப்பூர் பனியன் முழுக்க அந்த வேலைதான். ஆனால் குரோஷேயை ஒரிஜினலாக அப்படியே போட்டுத் தரும் தொழிற்சாலை மெஷின் இன்றைக்கும் புழக்கத்தில் இல்லை. அப்படியென்றால் ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு வருகிற நிஜ குரோஷே டாப்பை யாரோ ஒருவர் கையால்தான் போட்டிருக்கிறார். அதில் நூலுக்கு எவ்வளவு, டெலிவரிக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு என்று கழித்துப் பாருங்க. அந்தக் கைக்கு என்ன மிஞ்சும்?

எங்க வீட்டிலும் அதே கதைதான். காஞ்சிபுரம் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கு இரண்டு. ஒரே ஆளால் முடியாது. அப்பா தறிக் குழியில் உட்கார்ந்தால் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். தார் சுற்றுவதும் அம்மாதான். ஆனால் கூலி புடவைக்குத்தான், ஆளுக்கு இல்லை. அம்மாவின் வேலை எந்தக் கணக்கிலும் வராது. ரேஷன் கார்டு அப்ளிகேஷனில் அம்மாவுக்கு என்ன தொழில் என்று நானே 'இல்லத்தரசி' என்று நிரப்பியிருக்கிறேன்.

"கையால செஞ்ச பரிசுன்னா கஞ்சத்தனம்னு நினைப்பாங்களே" என்று ஒரு தயக்கம் வரும். 1947 நவம்பரில் எலிசபெத் இளவரசி கல்யாணத்துக்கு காந்தி என்ன அனுப்பினார் தெரியுமா? அவர் கைப்பட நூற்ற நூலில் பின்னிய ஒரு லேஸ் துணி, நடுவில் 'ஜெய் ஹிந்த்'. 1942-ல் இந்திரா கல்யாணத்துக்குக் கட்டிய கதர்ப் புடவை, நேரு சிறையில் இருந்தபோது நூற்ற நூலில் நெய்தது. வாங்கித் தர வசதி இல்லாமல் இவர்கள் நூற்கவில்லை. நேரத்தைக் கொடுப்பதைவிடப் பெரிய பரிசு இல்லை என்று தெரிந்துதான் கொடுத்தார்கள்.

"நீ குல்லா பின்னினா நெசவாளிக்கு என்ன லாபம்?" என்று கேட்டால், நேரடியாக எதுவும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்து இருபது வருஷம் ஆகிறது. 2015-லிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் 7-ம் தேசிய கைத்தறி தினம், நம்ம காலேஜில்கூட அன்றைக்கு எத்னிக் டே செல்ஃபி. ஆனால் முப்பது மணி நேரம் ஊசி பிடித்து விரல் வலித்தவருக்குத்தான், கடையில் புடவையைத் தொட்டுப் பார்த்து "பவர்லூம்ல பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று சொல்ல வாய் வராது. அந்த முப்பது மணி நேரத்தை உங்க கட்டிலுக்கு அடியில் இருக்கும் நூலே இலவசமாகக் கற்றுத் தரும்.

ஒரு சின்ன வேண்டுகோள். பரிசோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்க. விலை எழுத வேண்டாம், எத்தனை மணி நேரம் ஆனது என்று மட்டும் எழுதுங்க. வாங்குகிறவர் அடுத்த முறை "ஃப்ரீ டைம்ல பண்றதுதானே" என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்.

அப்பாவுக்கு ஒரு காது மூடும் குல்லா பின்னினேன், பச்சையும் அரக்கும் கலந்து. கையில் வாங்கியதும் முதல் வேலையாகத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். நெய்கிறவர் பழக்கம். "இங்க முடிச்சு தெரியுது பாரு" என்றார். போட்டுக்கொண்டார். தறியில் உட்காரப் போனவர் திரும்பி, "இதுக்கு எத்தனை நாள் ஆச்சு பாப்பா?" என்று கேட்டார்.

அப்பா நெய்த புடவை ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆச்சு என்று நான் இதுவரை அவரிடம் கேட்டதே இல்லை.